சிவன்மலையார் இன்னும் கேட்காத போன்

அக்கா,

உங்கள் மகள் அனுப்பிய பார்சல் நேற்றுக் காலையில் வந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பிரிக்க உட்கார்ந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் நிமிர்ந்தேன். உள்ளே இருந்தது உங்கள் போன். மூலையில் அதே விரிசல். உடையாமல் இருக்கப் பனியன் துணியைச் சுற்றி அனுப்பியிருந்தாள். பச்சைத் துணி, அதில் ஒரு டைனோசரின் வாலும் பின்னங்காலும். போனைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்த வாலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோது முந்தானை நனைந்திருந்தது.

உங்கள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னன்னு எனக்குத் தெரியாது சித்தி. ‘அது முருகனுக்கு உள்ளது, அவகிட்ட குடுத்துரு, அவளுக்கு விவரம் தெரியும்’னு அம்மா ஆஸ்பத்திரில வச்சுச் சொன்னாவ. உங்க சாமிக்கும் எங்க அம்மாவுக்கும் அப்படி என்ன கொடுக்கல் வாங்கல்?" என்றாள்.

அது பெரிய கதை கண்ணு, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கே ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு எழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். பால் கணக்கு, கேஸ் கணக்கு, விரதக் கணக்கு என்று நான் எழுதுவதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உன் சாமியே உன்கிட்ட வந்துதான் வரவு செலவு கேப்பாரு போல" என்றவர் நீங்கள்.

போனுக்கு சார்ஜ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. படங்களைத் திறந்தால் எல்லாம் பிள்ளைகள். கரும்பு கடிக்கும் பிள்ளை, அப்பன் தோளில் உட்கார்ந்த பிள்ளை, ஐஸ் ஒழுகும் பிள்ளை. பார்த்தவரை ஒன்றுக்கும் தலை இல்லை. கார்த்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "யாரும்மா எடுத்தது? ஒருத்தனுக்கும் தலையக் காணோம்?"

"பெரியம்மா எடுத்ததுடா."

"அப்பச் சரி" என்று போய்விட்டான்.

உங்கள் கண் அப்படி. பனியன் கம்பெனியில், தைத்து வந்ததில் குறை தேடும் செக்கிங் மேசையில் வாழ்நாளைக் கழித்த கண். யார் எதிரே வந்தாலும் முதலில் கழுத்துப் பட்டியைத்தான் பார்க்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை லட்சணம் என்று பேசிக்கொண்டிருக்க, "பட்டன் ஓட்டை ஒண்ணு மேல ஏறிக் கெடக்கு" என்றீர்கள். நம் காம்பவுண்டில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் வீட்டுக்காரர் புதுப் பனியன் போட்ட அன்றைக்கு உங்கள் வாசல் வழியாகப் போக மாட்டார், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் போவார். "அந்தம்மா நிறுத்தி வெச்சு இழுத்துப் பாக்கறாங்க புள்ள, எனக்குக் கூச்சமா இருக்குது" என்பார்.

கார்த்தி ஒன்றாம் வகுப்பில் இருந்த வருடம் அது. உங்கள் கம்பெனியில் டைனோசர் படம் போட்ட பச்சைப் பிள்ளைப் பனியன் லாட் ஒன்று விற்காமல் நின்றுபோனது. கழுத்துப் பட்டி நெளிகிறது என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். நெளிகிறது என்று முதலில் சொன்னதே நீங்கள்தான். அப்புறம் அது கிலோ கணக்கில் கடைகளுக்குப் போனது. மங்கலத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் அந்த வருடம் பச்சை டைனோசர் போடாத பிள்ளையே கிடையாது. கார்த்திக்கும் ஒன்று நீங்களே கொண்டுவந்தீர்கள்.

அந்தத் தீபாவளி போனசில்தான் இந்தப் போனை வாங்கினீர்கள். வாங்கிய அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இத்தனை வருசமா சட்டைய மேசையில விரிச்சுப் போட்டுத்தாண்டி பாத்திருக்கேன். உள்ள புள்ள இருந்து நான் பாத்ததே இல்ல. நான் வேண்டாம்னு தள்ளுன சட்டை, புள்ளைக மேல எப்படி இருக்குன்னு பாக்கணும். படம் எடுக்கணும்."

அப்படி ஒரு ஆசை யாருக்கும் வந்து நான் கேட்டதில்லை. அந்த வாரம் தாராபுரம் பக்கத்தில் ரேக்ளாப் பந்தயம். எங்கள் பெரிய மாமனாரின் காளைகள் ஓடுவதாக இருந்தது. "வாங்கக்கா, ஊரே அங்கதான் வருமுங்க. புள்ளைங்களுக்குப் பஞ்சமே இருக்காது" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது நான்தான் என்பதை இப்போதும் மறக்கவில்லை.

காட்டை வெட்டிச் சமன் பண்ணி நீளமாக ஒரு தடம். அதில் இரண்டு காளை பூட்டிய சின்ன வண்டி ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள். யார் வண்டி குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறதோ அவர்களுக்குப் பரிசு. ஒரு வண்டி போனால் புழுதி அடங்குவதற்குள் அடுத்த வண்டி. இரண்டு பக்கமும் கயிற்றுக்குப் பின்னால் சனம். அத்தனை பேரும் காளையைப் பார்த்துக்கொண்டு நிற்க, நீங்கள் ஒருத்தர் மட்டும் காளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றீர்கள். கையில் போன்.

எங்கே பார்த்தாலும் பச்சை. உங்கள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஒரு பிள்ளையைக் குனிந்து எடுக்கும்போது அவன் அம்மா வந்துவிட்டாள்.

"ஏனுங்க, எதுக்குங்க எங்க பையனைப் படம் புடிக்கறீங்க?"

"உன் பையன எவ எடுத்தா? நான் கழுத்தைத்தான் எடுத்தேன்."

"கழுத்தையா?" அந்தப் பெண் பிள்ளையை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

"கழுத்துப் பட்டி தாயி. நெளியுது பாரு. ரெண்டு தண்ணி போட்டா இன்னும் நெளியும். வெயில்ல காயப் போடாத."

நான் நடுவில் புகுந்து, இவுங்க பனியன் கம்பெனியில பெரிய செக்கருங்க, பழக்கத்துல பாக்கறாங்க, தப்பா நெனைக்காதீங்க என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தன் ரவிக்கைக் கையைத் திருப்பிக் காட்டி, "இந்தத் தையல் நிக்குமுங்களா?" என்று கேட்டாள். நிற்காது என்றீர்கள்.

எங்கள் காளைகளின் முறை வந்தது. நான் சிவன்மலை முருகன் கோவில் திருநீறு கொண்டுபோயிருந்தேன். பூட்டுவதற்கு முன் நெற்றியில் வைத்துவிட்டு வருகிறேன், இவனைப் பார்த்துக்கோங்க என்று கார்த்தியின் கையை உங்கள் கையில் கொடுத்தேன். "போயிட்டு வாட்டி, நான் பிடிச்சிருக்கேன்" என்றீர்கள். ஒரு காளை தலையை ஆட்டியதில் பாதித் திருநீறு என் வாயில் போனது. துப்ப மனமில்லாமல் முழுங்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அக்கா, பையன் எங்கீங்க?"

நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கையும் அதே போனைத்தான் பிடித்திருந்தது.

அந்த நிமிடத்தில் காளை வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதன் சத்தம் இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது. தடத்தில் காளை, அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்கால் நிறையத் தண்ணீர். கார்த்திக்கு நீச்சல் தெரியாது. நான் உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ திட்டியிருந்தாகூட தாங்கியிருப்பேன்" என்று அப்புறம் எத்தனையோ தடவை சொன்னீர்கள். திட்ட நேரம் எங்கே அக்கா?

மைக் வைத்திருந்த மேடைக்கு ஓடினேன். கமிட்டிக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டை, தொண்டை கட்டிப்போன குரல். "சொல்லுங்க அம்மிணி, பையன் என்ன சட்டை போட்டிருந்தான்?"

"பச்சைங்க. நெஞ்சுல டைனோசர்."

அவர் மைக்கில் சொன்னார். "பச்சைக் கலர் பனியன், நெஞ்சில் டைனோசர் படம் போட்ட பையன் ஒருத்தன் அம்மாவைத் தேடிக்கிட்டு இருக்கறான். பாத்தவங்க உடனே மேடைக்குக் கூட்டிட்டு வாங்க."

நல்ல சனங்கள் எங்கள் பக்கத்துச் சனங்கள். நாலு திக்கிலிருந்தும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையைப் பிடித்து ஒருத்தன், தோளில் தூக்கி ஒருத்தன், காதைத் திருகிக்கொண்டு ஒருத்தன். மேடைக்கு முன்னால் பச்சையாக வயல் மாதிரி ஆகிவிட்டது. அதில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்று இடுப்புக் குழந்தை, அதற்குச் சட்டை முழங்கால் வரை. ஒரு பெரியவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இது என்ற சொந்தப் பையன்தானுங்க. ஆனா மைக்குல கூப்பிட்டீங்களேன்னு கூட்டிட்டு வந்தேன்."

கமிட்டிக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மிணி, இதுல உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்குங்க" என்றார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அது ஊர் முழுக்கக் கேட்டது.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் பிள்ளை இல்லை. அப்போதுதான் நான் கண்ணை மூடினேன். அக்கா, எனக்கென்று இருந்த எல்லாவற்றையும் ஏற்கெனவே ஏதாவது ஒரு வேண்டுதலுக்குக் கொடுத்து முடித்திருந்தேன். கால் கொலுசு அவன் பிறந்தபோது, பூ வைப்பது அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது. புதிதாகக் கொடுக்க என்ன இருக்கிறது என்று மனசு துழாவியது. எல்லாத்துக்கும் காரணம் அந்தப் போன்தான் என்று ஒரு கோபம். சிவன்மலை ஆண்டவா, பையன் கிடைத்தால் அந்தப் போனை உன் உண்டியலில் போட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். போன் யாருடையது என்று ஆண்டவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தால் நீங்கள் மேடைக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்திப் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மொகத்தைப் பாக்காதட்டி, ஏமாத்தும். கழுத்தைப் பாரு. நம்ம பையன் சட்டையில பின்பட்டி ஓரத்துல தையல் விட்டுருக்கும். காலையிலேயே படம் எடுத்து வச்சிருக்கேன்." போனையும் கழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். திடீரென்று ஒரு பையனைப் பிடித்துத் தூக்கினீர்கள். "இந்தா. இவன்தான். மாதாவே, உனக்கு நன்றி."

"அக்கா, இது என் பையன் இல்லீங்க."

"பேசாத. தையல் விட்டுருக்கு பாரு. இது கார்த்தி சட்டை."

"சட்டை சரிங்க. உள்ள இருக்கறது வேற பையனுங்க."

மைக் இன்னும் திறந்தே இருந்தது. தடத்தின் அந்தக் கோடி வரைக்கும் சனங்கள் சிரித்தார்கள். வண்டியில் நின்றிருந்த ஒருவன் சிரித்த சிரிப்பில் கயிற்றைத் தளரவிட்டு அவன் காளைகள் குறுக்கே திரும்பிவிட்டன என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையனைக் கீழே இறக்கி, முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏலே, இந்தச் சட்டை உனக்கு எப்படி வந்துச்சு?"

அவன் கையில் கரும்பு. மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "அவனோடது எனக்குப் பத்துச்சு. என்னோடது பெருசு. மாத்திக்கிட்டோம்."

"அவன் எங்க?"

"எங்க மாட்டு டெம்போல தூங்கறான்."

மாடு ஏற்றி வந்த டெம்போக்கள் வரிசையாக வேப்பமரத்து நிழலில் நின்றன. கடைசி டெம்போவில், வைக்கோல் மேல், தொளதொளவென்று ஒரு பச்சை டைனோசருக்குள் என் பிள்ளை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கட்டியிருந்த காளை அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் ஏறித் தூக்கப் போனேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"இரு, ஏட்டி. ஒரு நிமிசம்."

"அக்கா, இப்பவும் போட்டோவாங்க?"

"அவன் மொகம் தெரியுதுட்டி" என்றீர்கள். "சட்டைக்கு மேல மொகம் தெரியுது."

இந்தப் போனில் முழு முகம் உள்ள முதல் படம் அதுதான். ஆடிப் போயிருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் கார்த்தி உங்கள் மடியில் மறுபடி தூங்கினான். அப்புறம் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. அவசரத்துல வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிட்டேன்."

"நல்லதுதானுங்க. என்னன்னு வேண்டுனீங்க?"

"உன் முடியத் தாரேன்னு."

"என் முடியவா? உங்க முடிய வேண்டியிருக்கலாமில்லீங்க?"

"என் முடி யாருக்கு வேணும், கோழி கெளறுன மாதிரி கெடக்கு. மாதாவுக்குக் குடுக்கறதுன்னா நல்லதாக் குடுக்க வேண்டாமா?"

அதற்கு மேல் மறைப்பது பாவம் என்று நானும் சொன்னேன். "அக்கா, நானும் உங்க போனை சிவன்மலை உண்டியல்ல போடறேன்னு வேண்டிட்டேனுங்க."

நீங்கள் போனை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டீர்கள். திருப்பூர் வரும்வரைக்கும் எடுக்கவே இல்லை.

பள்ளிக்கூட லீவில் வேளாங்கண்ணி போனோம். முடி எடுக்கிற இடத்தில் நான் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன். வேண்டினால் வேண்டினதுதான், யார் வேண்டியிருந்தாலும் சரி. கத்தி தலையில் படும் என்று காத்திருந்தால், பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது. "அண்ணாச்சி, நுனியில ஒரு சாண் போதும்."

"அக்கா, வேண்டுதல்ல குறைக்கக் கூடாதுங்க."

"‘இவ முடி’ன்னுதான வேண்டுனேன். எம்புட்டுன்னு நான் சொல்லல, மாதாவும் கேக்கல. எந்திரி."

அன்றைக்குக் கடற்கரையில் நம் இருவரையும் கார்த்தி ஒரு படம் எடுத்தான். அவன் உயரத்துக்கு எடுத்ததால் நமக்குத் தலை விழவில்லை. உங்கள் கை என் தோள்மேல் இருக்கிறது. உங்கள் அடக்கத்தன்று மாலை போட்டு வைக்கப் படம் தேடி, கடைசியில் கம்பெனி அடையாள அட்டையிலிருந்துதான் பெரிதாக்கினார்கள். எல்லோரையும் எடுத்தவருக்கு ஒரு படம் இல்லை. இருந்த ஒன்றிலும் கழுத்து வரைதான்.

ஆனால் நான் உங்களைப் போல் வேண்டுதலில் விட்டுக்கொடுக்கவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை கேட்டேன். "அக்கா, போன் வேண்டுதல் நிக்குதுங்க." சிவன்மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் யாராவது பக்தர் கனவில் வந்து இன்ன பொருளை வை என்று சொல்வார். அவர் வந்து சொன்னால், சன்னிதியில் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவானால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது பெட்டியில் இருக்கும். இதை உங்களுக்குப் பக்தியோடு விளக்கிச் சொன்னதே நான்தான். நீங்கள் அதையே பிடித்துக்கொண்டீர்கள்.

"உங்க ஆண்டவர் தனக்கு வேணுங்கறத கனவுல வந்து கேட்டு வாங்குவாருன்னு நீதான சொன்ன? போன் வேணும்னா கேக்கட்டும். அதுவரைக்கும் அவர்கிட்ட வாடகைக்கு எடுத்திருக்கேன்னு வச்சுக்கோ."

அதன் பிறகு அதற்கு முருகன் போன் என்றே பெயராகிவிட்டது. பூசைக்கு நான் மணி அடித்தால், அதில் பேசிக்கொண்டிருந்த நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்துவீர்கள். ஓனரு முழிச்சுட்டாரு, அப்புறம் பேசுதேன் என்று வைத்துவிடுவீர்கள். எனக்குக் கோபமாக வரும், சிரிப்பும் வந்துவிடும். மூலையில் விரிசல் விட்டபோது, "உன் சாமிகிட்ட சொல்லிரு, தேய்மானம்" என்றீர்கள்.

இன்றைக்குக் கிருத்திகை. கார்த்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். போனை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போனேன். முதலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு கிண்ணத்தில் விதை நெல் இருந்தது. போன் இல்லை. இருந்தாலும் இந்தத் தடவை நானாகவே போட்டுவிடுவது என்றுதான் வரிசையில் நின்றேன். நீங்களும் போய்விட்டீர்கள், இனி சாக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. மஞ்சள் பனியன், வாத்துப் படம். என் கண் நேராகக் கழுத்துக்குப் போனது அக்கா. பட்டி நெளிந்திருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கும் முன் முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

"அம்மிணி, கொழந்தைய ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

"எதுக்குங்க?"

"கழுத்துப் பட்டி நெளியுதுங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் சரி என்றாள். எடுக்கும் நேரத்தில் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டது. ஒரு கையால் எடுத்ததால் படம் சாய்ந்திருக்கிறது, ஆனால் கழுத்தும் இருக்கிறது, அதற்கு மேல் பாதி முகமும் இருக்கிறது. உங்களைவிட நான் தேவலாம்.

உண்டியல் முன்னால் நின்றேன். காணிக்கையைப் போட்டேன். போனைப் பிடித்த கை உள்ளே போகவில்லை. சாமி, இதில் இன்னும் படம் விழுந்துகொண்டிருக்கிறது, வேணும்னா கனவில் வந்து கேளுங்க, வாடகைக்கு இனி நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எட்டு வருடமாக உங்களைக் கடிந்துகொண்ட வாயால் உங்கள் வார்த்தையையே சொன்னேன்.

மலைப் படியில் நல்ல கூட்டம். கீழே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் இடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. கார்த்தி கையை உருவப் பார்த்தான்.

"விடுங்கம்மா. ஒன்பதாவது படிக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும் கண்ணு" என்றேன். ஒரு கையில் உங்கள் போன். இன்னொரு கையில் அவன்.